உட்காராமல் கொடுத்த அளவு

நாற்பத்தோராம் தாளில் இன்னும் ஒரே ஒரு கோடுதான் பாக்கி, அதையும் போட்டுவிட்டால் எழுந்து போய்க் கையெழுத்து வாங்கிவிடலாம், போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று நாச்சிமுத்து காலை எட்டரை மணியிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான், ஆனால் மை நிறைந்த ரூலிங் பேனா புட்டிக்கும் துணிக்கும் நடுவே அந்தரத்தில் நின்றதே தவிரக் கீழே இறங்கவில்லை. வைகாசி வெயில் தகரக் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அமுக்கியது. மணிக்கட்டுக்கு அடியில் ஒற்றுத்தாள், நெற்றியைச் சுற்றிக் கைக்குட்டை, இத்தனை இருந்தும் மூக்கு நுனியில் ஒரு வியர்வைத் துளி திரண்டு திரண்டு வந்தது. அது சொட்டினால் போச்சு, டிரேசிங் துணியின் கஞ்சி கரைந்து அந்த இடம் வெள்ளைத் தேமலாய் விரிந்துவிடும், பதினொரு நாள் வேலை பாழ். தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கோடு போகவேண்டிய வழியைக் கண்ணாலேயே ஒருதரம் போய்ப் பார்த்தான். விமானியின் கண்ணில் புறப்படும். கண்ணாடிக் கூண்டைத் தாண்டும். அந்த நீள மூக்கின் முதுகை உரசினாற்போல் போகும். போய், நாற்பது கஜத்துக்கு அப்பால், கப்பல் தளத்தின் ஓரத்தில் இரண்டு கையிலும் மட்டை பிடித்து நிற்கிற ஆளின் இடுப்பில் முடியும். அந்த ஆளை அவன் நகத்தளவுக்கு வரைந்து, யாரும் கேட்காமலே தலையில் ஒரு தொப்பியும் வைத்திருந்தான். கப்பலில் இறங்குகிற விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் வரும், கடைசி நிமிஷத்தில் விமானிக்குத் தளம் தெரியாது, கடல் தெரியாது, இந்த மட்டைக்காரர் ஒருத்தர்தான் தெரிவார். அவர் மட்டையைச் சாய்த்தால் சாய வேண்டும், நிமிர்த்தினால் நிமிர வேண்டும், தலைக்குமேல் வீசினால் இறங்காமல் திரும்பிப் போய்விட வேண்டும். அவர் தெரிய வேண்டும். அவ்வளவுதான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம். அவர் தெரியமாட்டார் என்பது இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும், அந்த ஆள் மை காயக் காயப் பேனாவைப் புட்டியில் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

“என்னப்பா நாச்சிமுத்து, கோடு போடறயா, கும்பிடறயா?” என்று தலைமை வரைவாளர் சேஷகிரி தம் மேஜையிலிருந்தே கேட்டார். “பத்து மணிக்குக் கமாண்டர் ஓடுபாதையில நிப்பார், தாள் அவர் கையில இருக்கணும். எனக்கு ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு, அதுக்குள்ள என்னைக் கொன்னுடாதே.”

“இதோ ஆச்சுங்க சார்.”

ஆச்சுங்க. எத்தனை லேசாக வருகிறது பாருங்கள் அந்தச் சொல், நாக்குக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. கடல் கண்ணுக்கெட்டாத கோயம்புத்தூர்ச் சீமையில் பருத்திக் காட்டை அழித்துக் கடற்படைக்காரர்கள் விமானப் பட்டறை போட்ட நாளிலிருந்து மூன்று வருஷமாக அவன் வாயில் அதிகம் வந்த சொற்கள் இரண்டு, ஒன்று ஆச்சுங்க, இன்னொன்று யெஸ் சார். ஐரோப்பாவில் சண்டை முடிந்தது என்று போன வாரம் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள், ஆனால் ஜப்பான்காரனோடு முடியவில்லை, அதற்குத்தான் இந்த அவசரம். இரண்டு பேர் உட்கார்ந்து வேவு பார்க்கப் போகிற பழைய விமானம் ஒன்று, பட்டறை ஆட்கள் வைத்த பெயர் நெட்டைமூக்கன். அதைக் கப்பலிலிருந்து கிளம்பிச் சண்டை போடுகிற ஒற்றையாள் விமானமாக மாற்றிக் காட்டுகிறேன் என்று கமாண்டர் ட்ரென்னிக் மேலிடத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தார். பின்னிருக்கையைப் பிடுங்கியாயிற்று. சக்கரக் கால்களை அகலப்படுத்தியாயிற்று, தளத்தில் விழுந்தால் முறியாமலிருக்க உள்ளே தடித்த குழாய். வாலில் கொக்கி. இறக்கை நுனியை அரையடி வெட்டி, மடித்து வைக்கக் கீல். ஒவ்வொரு தோலா எடையைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இருக்கையை உயர்த்தித் தாழ்த்துகிற நெம்புகோலைக்கூட எடுத்துவிட்டார்கள், அளவுதான் சரியாக எடுத்தாயிற்றே, இது எதற்கு வீண் கனம் என்று கமாண்டரே சொன்னார். அளவுதான் சரியாக எடுத்தாயிற்றே. அந்தச் சமயம் நாச்சிமுத்து அவருக்கு இரண்டடி பின்னால் பென்சிலோடு நின்றிருந்தான். அப்போது சொல்லியிருக்கலாம். அப்போது என்று இல்லை, எப்போதுமே அதற்கு முந்தின நாள் சொல்லியிருந்தால் சுலபம், முந்தின நாள் வந்து பார்த்தால் அதற்கும் முந்தின நாள்தான் சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றும், இப்படிப் பின்னாலேயே போய்ப் போய்க் கடைசியில் அந்த மரக்கூண்டில்தான் போய் முட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த மரக்கூண்டு. விமானத்தின் முன்பாதியை மரத்தாலேயே செய்து கொட்டகையில் வைத்திருந்தார்கள், தச்சு மருதாசல ஆசாரியினுடையது. அதற்குள் ஓர் ஆள் உட்கார வேண்டும், கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளக்க வேண்டும். குட்டை விமானிக்குத் தெரிந்தால் நெட்டை விமானிக்குத் தெரிந்துவிடும் என்பது கமாண்டரின் கணக்கு. அதனால் டிராயிங் ஆபீஸ் முழுக்கச் சுவரோரம் உட்கார வைத்து முதுகை அளந்தார், ஏதோ சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி. நாச்சிமுத்துவின் முதுகு கச்சிதமாகப் பொருந்தியது. “இந்த ஆள்” என்று கமாண்டர் அவன் தோளில் கை வைத்தார். வைத்த இடம் இரண்டு நாள் சூடாகவே இருந்தது என்று அவனுக்கு நினைப்பு. எத்தனையோ பேர் வரைந்ததைத் துணிமேல் பிரதி எடுத்துக்கொண்டிருந்தவன், தன்னுடையது என்று ஒரு கோடு போட்டறியாதவன், அவன் உடம்பையே ஒரு விமானத்துக்கு அளவாக எடுக்கப் போகிறார்கள். சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்தான். என்ன செய்ய, அந்த வாரம் பார்த்து, சித்திரைச் சூட்டுக்கு, உட்காருகிற இடத்தில் ஒரு வேனக்கட்டி கிளம்பியது. முதல் நாள் கடுகு, மறுநாள் சுண்டைக்காய், மூன்றாம் நாள் எலுமிச்சம்பழம். நின்றால் சுகம், படுத்தால் குப்புறப் படுக்க வேண்டும், உட்கார்ந்தால் உயிர் உச்சந்தலைக்கு ஏறும். சொல்லியிருக்கலாம் அல்லவா, இன்றைக்கு வேண்டாம் சார், நாலு நாள் கழித்து என்று. நாலு நாளில் வேறு முதுகு கிடைத்துவிடுமே. அதைவிட, எப்படிச் சொல்வது. விமானத்தில் இருக்கிற ஒவ்வொரு ஆணிக்கும் இங்கிலீஷில் பெயர் தெரியும் அவனுக்கு, இதற்குத் தெரியாது. தெரிந்தால் மட்டும், கமாண்டரின் அந்த நீலக் கண்ணைப் பார்த்து, சேஷகிரி சார் பக்கத்தில் நிற்க, பன்னிரண்டு தச்சர்கள் சுற்றி நிற்க, எங்கே என்று கேட்டால் எந்த இடத்தைக் காட்டுவான்.

அதற்கு முந்தின நாள்தான் கிணத்துக்கடவுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார்கள். ஜமக்காளத்தில் ஒருக்களித்து, ஒரு கை ஊன்றி, ஏதோ ஜமீன்தார் மாதிரி சாய்ந்துகொண்டான். “மாப்ளைக்குத் தொடையில ஏதாச்சுஞ் சுளுக்குங்களா?” என்று பெண்ணின் மாமன் கேட்டார். “பஸ்ஸுல நின்னுட்டே வந்ததுங்க” என்று அக்கா சமாளித்தாள். பெண், மயிலாத்தா என்று பெயர், பலகாரத் தட்டை வைத்துவிட்டு ஒரே ஒரு பார்வை பார்த்தாள், அவன் முகத்தை அல்ல, அவன் ஊன்றியிருந்த கையை. உள்ளே போனதும் பொத்திய சிரிப்பு ஒன்று கேட்டது. கிளம்பும்போது அக்காவின் காதில், “வேப்பலையும் மஞ்சளும் அரச்சுப் பத்துப் போடச் சொல்லுங்கக்கா, ரெண்டு நாள்ல ஒடஞ்சுரும்” என்றாளாம். பஸ்ஸில் அக்கா சிரித்துச் சிரித்து அழுதாள். ஆனி மாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று. தட்டு வைக்கக் குனிந்த நேரத்துக்குள் ஒரு பெண்பிள்ளைக்குத் தெரிந்தது, நூலும் குண்டும் கோணமானியும் வைத்துக்கொண்டு பதினொரு நிமிஷம் சுற்றிச் சுற்றி வந்த கடற்படைக்குத் தெரியவில்லை என்று நினைக்க ஒரு நிமிஷம் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

பதினொரு நிமிஷம். விமானிகள் பாராசூட் மூட்டையின் மேல்தான் உட்காருவார்கள், அதனால் அந்தத் தடிமனுக்கு எட்டு அங்குலத்தில் ஒரு மரப்பெட்டி செய்து கூண்டுக்குள் வைத்திருந்தார் மருதாசல ஆசாரி. “தம்பி, நீங்களே உங்க ஸ்கேல வச்சுப் பாருங்க” என்று நான்கு மூலையிலும் அளக்கவைத்தார். எட்டு, எட்டு, எட்டு, எட்டு. “நம்மளது மசுரளவு பெசகாதுங்க. பெசகுனா அந்தக் கைய வெட்டிக் காக்காய்க்குப் போட்ருவேன்.” நாச்சிமுத்து ஏணியில் ஏறிக் கூண்டுக்குள் இறங்கினான். இறங்கி உட்காரப் போனான், பட்டது, பொறி கலங்கியது. இரண்டு பக்கச் சட்டத்திலும் உள்ளங்கையை ஊன்றினான். முழங்கையை இறுக்கினான். உடம்பு மரத்தை விட்டு எழும்பி நின்றது. இரண்டு அங்குலம் இருக்கும். பக்கப் பலகை மார்புவரை மறைத்ததால் யாருக்கும் தெரியாது. “சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறாயா?” என்று கமாண்டர் கேட்டார். “யெஸ் சார்.” அவன் கண்ணோரம் ஒரு நூலின் நுனியை வைத்து மூக்கின் மேலாக இழுத்தார்கள். எதிரே நாற்பது கஜத்தில் சேஷகிரி சார் கையில் இரண்டு மட்டையோடு நின்றார், வேஷம் கட்டிய பூசாரி போல. “இடுப்பு தெரிகிறதா?” “யெஸ் சார்.” தெரியத்தான் தெரிந்தது, அதில் பொய் இல்லை, தெரிந்த இடம்தான் பொய். “என்னுங் தம்பி, காத்தால சாப்டலீங்களா, கையி இப்பிடி ஆடுது?” என்று ஏணியடியிலிருந்து ஆசாரி கேட்டார். பதில் சொன்னால் இறங்கிவிடும் உடம்பு. கடைசியில் “நன்று” என்று கமாண்டர் நோட்டில் குறித்துக்கொண்டார், நாச்சிமுத்து வெளியே வந்தான், எல்லாரும் அவன் கையைக் குலுக்கினார்கள், இரண்டு அங்குலந்தானே என்று அவன் நினைத்துக்கொண்டான், அத்தனை பெரிய விமானத்தில் இரண்டு அங்குலம் எங்கே போய் நிற்கும், பாராசூட் மூட்டையே ஒன்று போல் ஒன்று இருக்காதே என்று.

எங்கே போய் நிற்கும் என்று நேற்றைக்குத்தான் தெரிந்தது. இதே தாளில், இதே மட்டைக்காரருக்குத் தொப்பி வைத்த கையோடு, சும்மா ஒரு நப்பாசைக்குத்தான், கண் புள்ளியை இரண்டு அங்குலம் இறக்கிப் பென்சிலால் லேசாக ஒரு கோடு இழுத்துப் பார்த்தான். கோடு மூக்கைத் தொட்டு மேல்நோக்கிக் கிளம்பியது. கண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு அங்குலமாக இருந்தது போகப் போக விரிந்து, நாற்பது கஜத்தில் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. இடுப்பு போயிற்று, மார்பு போயிற்று, தொப்பியும் போயிற்று. மட்டைக்காரர் முழுசாக மூக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அவன் ரப்பரை எடுத்து அழித்தான். அழித்த இடம் பளபளவென்று இருந்ததால் சாக்பீஸ் பொடி போட்டுத் தேய்த்தான். ராத்திரி முழுக்கத் தேய்த்துக்கொண்டிருந்தது போல் விரல்நுனியில் இன்னமும் அந்தப் பொடியின் வறட்சி. அவன் கண் விமானியின் கண்ணாகக் கூண்டுக்குள் இருக்கிறது, விமானத்தை அந்தக் கண்ணைச் சுற்றி வெட்டித் தட்டி முறுக்கிக் கட்டிவிட்டார்கள், இப்போது அதில் உட்காரப் போகிறவனோ உட்காரப் போகிறான், உண்மையாகவே உட்காரப் போகிறான்.

பெல்லிங் துரை. இருபத்திரண்டு வயதிருக்கும், நாச்சிமுத்துவைப் போலவே குட்டை ஆள், முகமெல்லாம் தவிட்டுப் புள்ளி. காண்டீனில் மோரை நாலு டம்ளர் குடித்துவிட்டு “நல்லா இருக்குதுங்” என்று சொல்வார், அந்த ‘ங்’கை யார் சொல்லிக்கொடுத்தார்களோ, சொல்லும்போதெல்லாம் காண்டீனே சிரிக்கும், சிரிப்பதைப் பார்த்து அவர் இன்னொரு தரம் சொல்வார். முந்தாநாள் அவரைப் புது விமானத்தில் ஏற்றி உட்கார வைத்தார்கள். தரையில் நிற்கும்போது வால் தாழ்ந்துதான் இருக்கும், யாருக்கும் எதிரே ஒன்றும் தெரியாது, அதனால் அவர் சந்தேகப்படவில்லை. “மூக்கு எக்கச்சக்கமாக இருக்கிறது, பறக்கும்போது சரியாகிவிடும்” என்றாராம். இன்றைக்குப் பத்து மணிக்கு முதல் இறக்கம். ஓடுபாதையின்மேல் கப்பல் தளத்தின் அளவுக்கு வெள்ளைக் கோடு போட்டு, ஓரத்தில் நிஜ மட்டைக்காரரை நிறுத்தியிருக்கிறார்கள். தாழ்வாக வருவார், மெதுவாக வருவார், விழுந்துவிடுகிற விளிம்புவரை மெதுவாக. மட்டைக்காரரைத் தேடுவார். இல்லை. கழுத்தை நீட்டுவார். இல்லை. கழுத்தை நீட்டும்போது கை தானாக அசையும் அல்லவா, அசைந்தால் இறக்கை ஒரு பக்கம்... அதற்குமேல் நினைக்க மாட்டேன் என்று நாச்சிமுத்துவின் மனசு சண்டித்தனம் பண்ணிவிட்டு, சம்பந்தமில்லாமல் இந்தத் தாளுக்கே திரும்பி வந்தது. விசாரணை வைப்பார்கள். வரைபடங்களைக் கட்டவிழ்ப்பார்கள். நாற்பத்தொன்றை விரிப்பார்கள். வலது கீழ் மூலையில் பிரதி எடுத்தவன் என்ற கட்டத்தில் அவன் பெயரின் முதலெழுத்துகள். அங்கே போய் நின்றது பயம், அந்த மூலையில், அந்த இரண்டு எழுத்தில். ஒரு தாய் பெற்ற பிள்ளை நொறுங்கிக் கிடக்கிறான், இவனுக்கோ மூலையில் இருக்கிற எழுத்து பெரிதாகத் தெரிகிறது. சீ. வாய்விட்டே சொல்லிவிட்டான் போலிருக்கிறது, பக்கத்து மேஜைக்காரன் திரும்பிப் பார்த்தான். மை கொட்டிருச்சா என்று கேட்டான். இவன் இல்லை என்று தலையாட்டினான். அந்த நேரம் பார்த்து ஓடுபாதைப் பக்கமிருந்து இயந்திரம் இருமியது. ஒரு இருமல், இரண்டு இருமல், அப்புறம் கரகரவென்று பிடித்துக்கொண்டு ஒரே இரைச்சலாய் நின்றது. கூரைத் தகரம் அதிர்ந்தது, புட்டியில் மை வட்டம் வட்டமாக நடுங்கியது.

தாளைச் சுருட்டினான். கோடு போடவில்லை. “ஏய், ஏய், கோடு எங்கடா?” என்று சேஷகிரி எழுந்துவிட்டார், அவன் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டான். வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. ஓடுபாதைவரை முந்நூறு கஜம், ஓடினான், ஓடும்போதே வாக்கியத்தைக் கட்டினான், சார், அந்த அளவு தப்பு. சார், நான் உட்காரவில்லை. ஏன் உட்காரவில்லை. இந்த இடத்துக்கு வந்ததும் வாக்கியம் செருப்பில் குத்தின முள் மாதிரி நின்றது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான், சார், அந்த அளவு தப்பு. வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் ஐந்தாறு அதிகாரிகள், நடுவில் கமாண்டர். பக்கத்தில் நெட்டைமூக்கன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தான், கண்ணாடிக் கூண்டுக்குள் பெல்லிங்கின் தோல்தொப்பி தெரிந்தது. சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற கட்டைகளின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மருதாசல ஆசாரி.

“தம்பி, எதுக்குங் இப்பிடி ஓடியாறீங்க?” என்று இரைச்சலுக்குமேல் கத்தினார். “மெல்ல வந்திருந்தாலும் நம்ம மூக்கன் உங்களுக்காவ நிப்பானுங்க. இந்தப் புதுக் கட்டையும் நம்முளுதுதான், பாருங்க!”

நாச்சிமுத்து கமாண்டருக்கு முன்னால் போய் நின்றான். மூச்சு இரைத்தது. “சார், கண் உயரம் தப்பு. இரண்டு அங்குலம். மட்டைக்காரர் தெரியமாட்டார். நிறுத்துங்கள் சார்.”

கமாண்டர் ஒரு நொடிதான் பார்த்தார். கையை உயர்த்தித் தொண்டையை அறுக்கிற மாதிரி வீசினார். இரைச்சல் தணிந்தது, விசிறி சுழன்று சுழன்று சோம்பி நின்றது, திடீரென்று எங்கோ ஒரு காடை கத்துவது கேட்டது. இத்தனை சுலபமா. இத்தனை சுலபமான ஒன்றுக்கா இத்தனை நாள். ஒரு கணம் அவன் மார்பு காற்றாய் விரிந்தது, பிழைத்தார், அந்தத் தவிட்டுப் புள்ளி முகம் பிழைத்தது, இனி எதைக் கேட்டாலும் சொல்லிவிடலாம், எதுவானாலும் சொல்லிவிடலாம்.

“கூண்டில் உட்கார்ந்தது நீதானே?” என்று கமாண்டர் கேட்டார். “எப்படித் தப்பாகும்?”

இரைச்சல் இருந்திருந்தால் கத்தியிருப்பானோ என்னவோ. இப்போது அத்தனை அமைதி. ஆறு தொப்பி, ஆறு சவரம் செய்த முகம், எல்லாம் அவன் வாயையே பார்த்தன. உட்காருகிற இடம் இன்றைக்கும் லேசாக எரிந்தது. மயிலாத்தா சிரித்தது போல் இவர்கள் சிரிப்பார்கள், ஆனால் பொத்திக்கொண்டு சிரிக்க மாட்டார்கள். அப்புறம் வேலை. அப்புறம் ஆனி. அப்புறம், பொய் சொன்னாயா என்று கேட்பார், பதினொரு நிமிஷம் என் முகத்துக்கு நேரே. வாய் திறந்தது, அதிலிருந்து வந்தது இதுதான்: “பெட்டி, சார். பாராசூட்டுக்குப் பதிலாக வைத்த மரப்பெட்டி. எட்டு அங்குலம் என்று வரைபடத்தில் இருந்தது, பத்து இருந்திருக்கிறது.”

“அளந்தாயா?”

“யெஸ் சார். பின்னால் அளந்தேன்.”

“அந்தப் பெட்டி எங்கே?”

“காண்டீனில் அடுப்புக்குப் போட்டுவிட்டார்கள் சார்.”

போட்டது உண்மை. அந்த உண்மைதான் அவனை நடுங்க வைத்தது, ஏனென்றால் பெட்டி என்று வாய் சொல்வதற்கு முன்பே, பெட்டி எரிந்துபோனது நினைவுக்கு வந்துவிட்டிருந்தது. வாய் தானாக உளறவில்லை. பார்த்துத்தான் சொல்லியிருக்கிறது. எரிந்துபோனதை எவனும் அளக்க முடியாது என்று, நொடியில் ஒரு பங்கு நேரத்தில், நான்கு மூலையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான்.

“செய்தது யார்?”

அவன் கண் போயிற்று, கண்ணைத் தொடர்ந்து கையும் போயிற்று, சுட்டுவிரல் அல்ல, மரியாதையாக முழுக் கையையும் நீட்டினான், கல்யாண வீட்டில் பந்திக்கு ஆளைக் காட்டுவது போல. இருபது அடிக்கு அப்பால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மருதாசல ஆசாரிக்கு இங்கிலீஷில் ஒரு சொல்லும் தெரியாது. கமாண்டர் உட்பட ஆறு பேரும் தம்மைத் திரும்பிப் பார்ப்பதைப் பார்த்தார். கயிற்றைக் கீழே போட்டார். தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, இரண்டு கையையும் கூப்பினார்.

“பெயர்?” கமாண்டர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். அவருக்கு ஆசாரி இத்தனை நாள் வெறும் கார்ப்பெண்டர். “எழுத்துக்கூட்டிச் சொல்.”

சொன்னான். எம். ஏ. ஆர். ஒவ்வொரு எழுத்துக்கும் பென்சில் நின்றது, நின்று அடுத்த எழுத்துக்குக் காத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடம் இருந்தது, இல்லை சார் என்று சொல்வதற்குத் தாராளமான இடம், ஒரு பெயரில் இத்தனை எழுத்தா, இத்தனை இடமா. யூ. டி. ஏச். கடைசி எழுத்துவரை தப்பில்லாமல் சொன்னான், பிரதி எடுப்பதில் அவன் தப்பு செய்வதே இல்லை என்று சேஷகிரி சார்கூடச் சொல்வார். கமாண்டர் நோட்டை மூடினார். “இதைச் சொல்ல உனக்குத் தைரியம் இருந்தது” என்றார். விமானத்திலிருந்து பெல்லிங் குதித்து வந்தார், விஷயம் கேட்டார், முகம் ஒரு நிமிஷம் சுண்ணாம்பாய் வெளுத்தது, பிறகு நாச்சிமுத்துவின் கையை இரண்டு கையாலும் பிடித்து விடாமல் குலுக்கினார். உள்ளங்கை ஈரமாக இருந்தது. உயிருள்ள கை. வாயைத் திறந்து தேடி, தமக்குத் தெரிந்த ஒரே தமிழைச் சொன்னார், “நல்லா இருக்குதுங்.” அதிகாரிகள் எல்லாரும் சிரித்தார்கள். நாச்சிமுத்துவும் சிரித்தான், சிரிப்பு முகத்தில் ஏறி நின்றுகொண்டு இறங்கமாட்டேன் என்றது.

கமாண்டர் ஏறிக்கொண்ட ஜீப் கிளம்பியது. ஓட முடியும், இப்போது வந்தானே அதில் பாதித் தூரம்கூட இல்லை, ஜீப் மெதுவாகத்தான் போகிறது, பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது, கையைத் தட்டினால்கூட நிற்கும். கால்கள் சூடான சிமெண்டில் ஊன்றிக்கொண்டு நின்றன. நாளைக்குச் சொல்லலாம். நாளைக்குச் சொல்வது இன்றைக்குச் சொல்வதைவிடக் கஷ்டமாக இருக்கும், அவனுக்கு அது தெரியும், அவனைவிட நன்றாக அது யாருக்குத் தெரியும். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஆசாரி கிட்ட வந்து, துரைமார் இருந்த இடத்துக்கு இன்னும் மரியாதை மிச்சம் இருப்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஏனுங் தம்பி, நம்ம பேரெல்லாஞ் சொன்னாப்புல இருந்துச்சு. என்னுங் சொன்னீங்க தொரகிட்ட?”

அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காதோரம் செருகியிருந்த பென்சிலைப் பார்த்தான்.

“நல்ல வேலைக்காரருன்னு சொன்னேனுங்க.”

“அட, ஏந் தம்பி அதையெல்லாம்,” என்று ஆசாரி கூசிப்போய்க் கழுத்தைத் தடவிக்கொண்டார். ஜீப் போன புழுதி இன்னும் அடங்கவில்லை, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று யோசித்தவர் போல, இன்னும் மெதுவாகக் கேட்டார்:

“எழுதிக்கிட்டாருங்களா?”

“ஆமாங்க” என்றான் நாச்சிமுத்து. “எழுதிக்கிட்டாருங்க.”